எந்தப் பக்கமும் பேசும் பழமொழிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: ஜூன் 3, காலை

‘பதறாத காரியம் சிதறாது’ என்கிறோம். அதே வாயால் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்றும் சொல்கிறோம். ‘தன் கையே தனக்கு உதவி’ என்பதற்கு எதிரே ‘தனி மரம் தோப்பாகாது’. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’வுக்கு எதிரே ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’. எது நடந்தாலும், நடந்து முடிந்த பிறகு பொருத்தமாக ஒன்றை எடுத்து ஒட்டிவிடலாம். இதில் அறிவு எங்கே இருக்கிறது? குறள் மட்டும் விதிவிலக்கு, அதில் முரணே கிடையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, மதியம்

உங்கள் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். குறளில் முரண் உண்டு, அதுவும் ஒளிவுமறைவில்லாமல்.

380: ‘ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று / சூழினுந் தான்முந் துறும்.’
620: ‘ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் / தாழாது உஞற்று பவர்.’

ஊழை மிஞ்சிய வலிமை எதுவும் இல்லை என்று ஒன்று. ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்று மற்றொன்று. இரண்டும் அந்தந்த அதிகாரத்தின் பத்தாம் குறள், அதாவது முத்தாய்ப்பு. கை தவறி விழுந்த முரண் என்று சொல்ல வழியில்லை.

380 அறத்துப்பாலின் கடைசிக் குறள். உலகம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பவனின் இடத்திலிருந்து பேசுகிறது. 620 பொருட்பாலில் ஆள்வினையுடைமையில் வருகிறது. ஒரு காரியத்தில் இறங்கி நிற்பவனிடம் பேசுகிறது. அதற்கு முந்தைய 619ஐயும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு புரியும்: ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் / மெய்வருத்தக் கூலி தரும்.’ அங்கே வாக்குறுதி சிறியது. காரியம் ஆகாமலே போகலாம், உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு, அவ்வளவுதான். அடுத்த குறளில் வாக்குறுதி பெரிதாகிறது, கூடவே நிபந்தனையும் ஏறுகிறது. ‘உலைவின்றி’, ‘தாழாது’: மனம் தளரக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. இந்த இரண்டு சொல்லையும் கழற்றிவிட்டுத்தான் 620ஐச் சுவரில் எழுதுகிறார்கள்.

ஜூன் 3, இரவு

பழமொழிக்கு வருகிறேன். தொல்காப்பியம் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் இருக்கிறது. நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை என்று அடுக்கிவிட்டு, ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறது. கவனிக்க வேண்டியது ‘குறித்த பொருளை முடித்தற்கு’ என்ற பகுதி. பேச்சில் ஏற்கெனவே ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முடித்துவைக்கக் காரணமாக வந்து நிற்பது பழமொழி. விஷயம் இல்லாமல் பழமொழி மட்டும் வந்தால் அதற்கு வேலை இல்லை.

உங்கள் பட்டியலில் நடப்பது இதுதான். ஆறு பழமொழிகளையும் அவை பேசிய இடத்திலிருந்து பிடுங்கி இரண்டிரண்டாக எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறீர்கள். சண்டை போடத்தான் செய்யும்.

ஜூன் 4, காலை

‘அப்படியானால் எந்த இடத்தில் எது என்று சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்.

பதறாத காரியம் / ஆறின கஞ்சி: தாமதத்தின் விலையைப் பாருங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் காரியத்தின் மதிப்பு குறையுமா? குறையாதென்றால் முதலாவது. கையெழுத்துப் போடுவது, கோபத்தில் பதில் எழுதுவது, இருக்கிற வேலையை விடுவது எல்லாம் இதில் சேரும். குறையுமென்றால் இரண்டாவது. மன்னிப்புக் கேட்பது, துக்கம் விசாரிப்பது, நன்றி சொல்வது. இவை ஆறினால் எடுபடாது.

தன் கை / தனி மரம்: முதலாவது பொறுப்பைப் பற்றியது, இரண்டாவது பலத்தைப் பற்றியது. செய்யவேண்டியது என் வேலை என்பதும், செய்து முடிக்க ஆள் வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

ஐந்தில் வளையாதது / அம்மியும் நகரும்: இங்கே யாரிடம் சொல்கிறோம் என்பது முக்கியம். முன்னது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல வேண்டியது, பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும்போது. ஐம்பது வயதுக்காரரிடம் போய்ச் சொன்னால் அது அறிவுரை ஆகாது, கைகழுவல். அவரிடம் சொல்லத்தான் அம்மி இருக்கிறது.

ஜூன் 4, மாலை

இதிலிருந்து கிளை பிரிகிறது: பழமொழியின் பொருளை விட, யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் பல நேரம் அதன் பொருள்.

‘யானைக்கும் அடி சறுக்கும்.’ தோற்றவனைத் தேற்ற இன்னொருவர் சொல்ல வேண்டியது. தோற்றவனே சொன்னால், தன்னை யானை என்று அறிவித்தாயிற்று. ‘நிறைகுடம் தளும்பாது’ம் அப்படித்தான். அமைதியாக இருப்பவரைப் பற்றி அடுத்தவர் சொல்லலாம். தானே சொல்லிக்கொண்ட கணத்தில் தளும்பிவிட்டது.

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.’ கொடுக்க முடியாதவர் தன் கையிருப்பைப் பற்றிச் சொன்னால் பணிவு. ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் சொன்னால் அவமானம். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

‘தனக்கு மிஞ்சித்தான் தானம்.’ அள்ளிக் கொடுத்து நொடிந்துபோகிறவரை நிறுத்த நண்பர் சொல்வது. கேட்டு வந்தவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது ‘இல்லை போ’ என்பதன் நீளமான வடிவம்.

‘குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.’ இதை யார் யாரிடம் சொன்னாலும் வம்பு. எதிரில் இருப்பவர் மறுத்தாலும் குறுகுறுப்பு, பேசாமல் இருந்தாலும் குறுகுறுப்பு. தப்பிக்க வழியே வைக்காத பழமொழிகள் என்று ஒரு தனி வகை உண்டு. வாக்குவாதத்தில் ஒருவர் அந்த வகையை எடுத்தால், விஷயத்தில் அவருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 4, இரவு

மேலே யாரோ ‘அப்போ பழமொழி சொல்லவே உரிமம் வாங்கணுமா?’ என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். ஆனால் ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதை மாமியார் சொல்லி யாராவது கேட்டதுண்டா?

ஜூன் 6

பழமொழியும் அதன் இடமும் ஒன்றாகக் கிடைக்கும் நூல் ஒன்று இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கில் வரும் பழமொழி நானூறு, முன்றுறை அரையனார் பாடியது. நானூறு வெண்பா, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு பழமொழி. முன் அடிகளில் விஷயம், கடைசியில் அதை முடிக்கும் மொழி என்று தொல்காப்பியம் சொன்ன ஒழுங்கிலேயே போகும்.

நாம் இன்று ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பதை வாயாடி யாராக இருந்தாலும் அவர்மேல் போடுகிறோம். நூலில் ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் / நுணலும் தன் வாயால் கெடும்’ என்று வருகிறது. அதற்கு முன்னடி ‘பொல்லாத சொல்லி மறைந்தொழுகும் பேதை’யைப் பற்றியது. தீய சொல்லைச் சொல்லிவிட்டுத் தெரியாதவன்போல் ஒளிந்துகொள்கிறவன். மணலுக்குள் பதுங்கிய தவளை, தானே கத்திக் காட்டிக்கொடுக்கிறது. ‘மறைந்து’ என்பதை விட்டுவிட்டால் பாதிப் பழமொழிதான் மிச்சம். அதிகம் பேசுகிறவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் போடாமல் வம்பு பரப்புகிறவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும்.

ஜூன் 7

பாதியை வெட்டி எடுப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம் என்று இப்போது படுகிறது. வெட்டுவதில் வகைகள் உண்டு.

நிபந்தனையை வெட்டுவது. 292: ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்.’ புழக்கத்தில் முதல் மூன்று சீர்தான் (அடியில் இடைவெளிவிட்டு நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர்) இருக்கிறது. ‘வள்ளுவரே பொய் சொல்லலாம் என்றிருக்கிறார்.’ அவர் வைத்தது இரட்டைப் பூட்டு. நன்மை வர வேண்டும், அந்த நன்மையும் குற்றமற்றதாக இருக்க வேண்டும். எனக்கு நன்மை, அடுத்தவருக்கு நட்டம் என்றால் புரை தீரவில்லை. போதாதென்று அடுத்த குறளே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று கதவைச் சாத்துகிறது.

எதிர்த்தரப்பை வெட்டுவது. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே.’ அப்பர் தேவாரம், ஐந்தாம் திருமுறை, கடம்பூர்க் கரக்கோயில் பதிகம். அதற்கு மேல் வரி: ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்.’ கடன் இரண்டு பேருக்கும் உண்டு. முதலில் சொல்லப்படுவது தாங்குகிறவனின் கடன். வேலை கொடுப்பவர்கள் இந்த அடியை வேலை செய்பவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது காணாமல் போவது எது என்று கவனியுங்கள்.

பேசுகிறவனை வெட்டுவது. ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்று பாரதி சொன்னார் என்கிறார்கள். பாட்டில் இரண்டு வரி தள்ளி ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்று வருகிறது, அதைத் தொடர்ந்து ‘ஆ! இந்த வசையெனக் கெய்திடலாமோ?’ என்று தமிழ்த்தாய் கொதிக்கிறாள். பேதையின் பேச்சு கவிஞரின் கருத்தாகிவிட்டது.

மிச்சத்தை வெட்டுவது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ புறநானூறு 192. முதல் அடி வரவேற்பு வளைவுக்குப் போய்விட்டது. பாட்டு போகும் திசை வேறு. தீதும் நன்றும் பிறர் தர வருவதில்லை, ஆற்றுநீர் இழுக்கும் தெப்பம்போல் உயிர் முறைவழிப் படும் என்று போய், ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. எல்லாரும் உறவு என்பதற்குப் பாட்டு தரும் காரணம் அந்த முடிவில் இருக்கிறது.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

முதல் நாள் எழுதியதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிகிறது. குறள் தன் நிபந்தனையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது: ‘எனின்’, ‘உலைவின்றி’, ‘புரைதீர்ந்த’. பழமொழிக்கு அந்த வசதி இல்லை, நான்கு சொல்லில் முடிய வேண்டும். அதற்கு இடமும் ஆளும்தான் நிபந்தனை. ஆகவே குறளை முழுசாகப் படித்தால் போதும். பழமொழியை முழுசாகப் படித்தும் போதாது, சொன்ன சந்தர்ப்பம் தெரிய வேண்டும். கேட்டவர் குறளை விதிவிலக்கு என்றது இந்த அளவில் சரி.

ஜூன் 9

‘வள்ளுவர் படம் போட்டு வரும் வரி உண்மையில் குறள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’

எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகலாம்.

எண் இருக்கிறதா? 1330க்கு மேல் போனால் அங்கேயே நிறுத்திவிடலாம். எண்ணிலிருந்து அதிகாரம் கண்டுபிடிக்க, கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டுங்கள். 423 என்றால் 42, கூட ஒன்று, 43ஆம் அதிகாரம், அறிவுடைமை. பூச்சியத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம்: 380 என்பது 38, ஊழ். படத்தில் போட்ட அதிகாரப் பெயரும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படலாம்.

சீர் எண்ணுங்கள். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று.

கடைசிச் சீரைப் பாருங்கள். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் (சீரின் ஓசைக்கு மாதிரியாக வைத்த சொல்) ஒன்றாக இருக்க வேண்டும். ‘விடல்’ மலர், ‘நன்று’ காசு, ‘உலகு’ பிறப்பு.

பிறகு தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதம். சீர் அசைகளால் ஆனது: ஒற்றை விட்டு எண்ணினால் ஓரெழுத்தாக நிற்பது நேர், குறிலில் தொடங்கி இரண்டெழுத்தாக நிற்பது நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். மாவில் முடிந்த சீருக்கு அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், விளத்திலும் காயிலும் முடிந்தால் நேரில். 467ஐ ஓட்டிப் பார்க்கலாம்: எண்ணித் (தேமா) துணிக (புளிமா) கருமம் (புளிமா) துணிந்தபின் (கருவிளம்) எண்ணுவம் (கூவிளம்) என்ப (தேமா) திழுக்கு (பிறப்பு). மா வரும் இடமெல்லாம் அடுத்து நிரை, விளம் வரும் இடமெல்லாம் அடுத்து நேர். ஓரிடத்திலும் தட்டவில்லை.

இப்போது சும்மா ஒன்று கட்டுவோம்: ‘நல்லதை நினைத்தால் நல்லதே நடக்கும் / அல்லதை விட்டால் அமைதி கிடைக்கும்.’ எதுகை அழகாக இருக்கிறது, கேட்க இனிக்கிறது, பகிரத் தோன்றுகிறது. இரண்டாமடியில் நான்கு சீர். ‘கிடைக்கும்’ ஈரசைச் சீர், நான்கு வாய்பாட்டிலும் அடங்காது. முதலிரண்டு சீரிலேயே ‘நல்லதை’ கூவிளம், அடுத்து ‘நினைத்’ நிரை, தளை தட்டிவிட்டது. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது.

ஜூன் 9, இரவு

ஒருவர் 467ஐயே வேறு பதிப்பிலிருந்து ஒட்டி, ‘உங்கள் சோதனையில் உண்மைக் குறளே தோற்கிறதே’ என்கிறார். அவர் ஒட்டியது ‘எண்ணுவம் என்பது இழுக்கு’. அது பதம் பிரித்த பதிப்பு. ‘என்பது’ கூவிளம் ஆகிவிடுகிறது, அடுத்து ‘இழுக்’ நிரை, தளை தட்டுகிறது. படிக்க எளிதாகட்டும் என்று உகரத்தைத் தனியே எழுதியதால் வந்த வினை. ‘என்ப திழுக்கு’ என்று சேர்த்து எழுதிய பிறகே அலகிட (அசை பிரித்துப் பார்க்க) வேண்டும். ‘-து’, ‘-கு’, ‘-று’ என்று முடிந்து அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும் இடமெல்லாம் இந்தப் பொறி இருக்கும். அங்கே தட்டினால் உடனே போலி என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. தளை சரியாக இருந்தால் அது வெண்பா என்றுதான் நிரூபணம், வள்ளுவர் எழுதியது என்று அல்ல. குறள் வெண்பா இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். யாப்புச் சோதனை போலியைத் தள்ளும், அசலை உறுதி செய்யாது. அதற்கு நூலைத்தான் திறக்க வேண்டும்.

ஜூன் 11

வெளிநாட்டுப் பொன்மொழிகளிலும் இதே நோய்தான், ஆனால் தொற்றும் வழி வேறு.

‘நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம், சிறப்பு என்பது செயல் அல்ல, பழக்கம்’ என்று அரிஸ்டாட்டில் பெயரில் ஓடுவது, வில் டூரண்ட் 1926இல் வெளியிட்ட தத்துவ வரலாற்று நூலில் அரிஸ்டாட்டிலைச் சுருக்கிச் சொல்ல எழுதிய வாக்கியம். ‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் சொல்லும் உன் உரிமையை உயிருள்ளவரை காப்பேன்’ என்பது வால்டேர் எழுதியது அல்ல. அவருடைய மனப்பாங்கை விளக்க ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906இல் எழுதியது. ‘பிழைப்பது வலிமையான இனம் அல்ல, மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் இனம்’ என்பது டார்வின் வரி அல்ல. டார்வினைத் தான் புரிந்துகொண்ட விதத்தை லியோன் மெகின்சன் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1963இல் சொன்னது, பிறகு வாய்க்கு வாய் இறுகியது.

மூன்றிலும் ஒரே நடப்பு. சுருக்கிச் சொன்னவர் நன்றாகச் சொல்லிவிட்டார். நன்றாக இருந்ததால் வாக்கியம் நின்றது, சொன்னவர் பெயர் உதிர்ந்தது, யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் இதற்கு இணை, உரையாசிரியரின் விளக்கவுரை ‘வள்ளுவர் சொன்னார்’ என்று உரைநடையில் சுற்றுவது. பரிமேலழகரும் இதில் தப்பவில்லை.

ஜூன் 12

‘உண்மைப் பொருள் தெரியுமா?’ என்று தொடங்கும் பதிவுகளைப் பற்றி ஒருவர் கேட்டார். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதில் ‘ஆயிரம் பேரைக் கொன்றவன்’ என்பது ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதன் திரிபாம். சட்டி சஷ்டியாம், அகப்பை கருப்பையாம்.

நான் பார்ப்பது இரண்டு. திருத்தம் எத்தனை இடத்தில் கை வைக்கிறது? ‘பேரை’யை ‘வேரை’ ஆக்கினால் ‘கொன்றவன்’ ஒத்துவரவில்லை, அதையும் ‘கொண்டவன்’ ஆக்க வேண்டியிருக்கிறது. ஒரு பழமொழி இரண்டு இடத்தில் ஒரேயடியாகத் திரிந்து, இரண்டும் சேர்ந்து கச்சிதமான நக்கலாகவும் அமைந்தது என்று நம்புவது கடினம். அடுத்தது, திருத்திய வடிவத்தை யார் எந்தப் பேச்சில் சொல்வார்கள்? ‘இருந்தால்தானே வரும்’ என்ற அந்தக் குத்தல் தொனி விரத மகிமைக்கு எப்படிப் பொருந்தும்? சட்டிக்குத்தான் பொருந்துகிறது.

இந்தத் திருத்தங்கள் எல்லாமே பழமொழியைச் சாதுவாக்குகின்றன. முரட்டுத்தனம், கிண்டல், வைத்தியர் மீதான எரிச்சல் எல்லாம் போய் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சந்தேகம் தீர அச்சான பழைய தொகுப்புகளைப் பாருங்கள். பெர்சிவல் தொகுத்தது 1870களில் வந்தது, ஆறாயிரத்துக்கு மேல் இருக்கும். லாசரஸின் அகராதி 1894. ஜென்சன் 1897, பொருள்வாரியாகப் பிரித்தது. பழமொழியின் முதல் சொல் தெரிந்தால் அகரவரிசைத் தொகுப்புகளில் எளிது. முதல் சொல் ஊருக்கு ஊர் மாறும் பழமொழிக்கு ஜென்சன்தான் கைகொடுப்பார்.

ஜூன் 14

‘கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்’ கம்பராமாயணத்தில் எத்தனையாவது பாட்டு என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கம்பனில் அந்த வரி இல்லை. அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்தைச் சேர்ந்தது என்பார்கள்.

கடன்பட்டவனின் நெஞ்சைத் தொட்ட உவமை என்பதால் வரி மட்டும் தனியே பிழைத்துக்கொண்டது. தேடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது எங்கே என்றால், பதிப்பின் கடைசியில் இருக்கும் பாட்டு முதற்குறிப்பு அகராதியில் ‘க’ வரிசையைப் புரட்டுகிறார்கள். அந்த அகராதி பாட்டின் முதல் அடியை மட்டும்தான் காட்டும். இந்த வரியோ நான்காம் அடி. வழக்கில் சொல்லப்படும் பாட்டு ‘விடங்கொண்ட மீனைப் போலும்’ என்று தொடங்குகிறது. ஆக ‘வி’யில் தேட வேண்டும். ‘என் கடன் பணி’யும் இப்படித்தான், ‘நங்கடம்பனைப் பெற்றவள்’ என்று ‘ந’வில் கிடைக்கும். ‘க’வில் இல்லை என்பதை மட்டும் வைத்து நூலிலேயே இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.